காலியாகப் போனால் வராத சத்தம்

அண்ணனின் காரில் சத்தம் வரத் தொடங்கி அன்றோடு இருபத்தெட்டு நாள். கணக்கு அண்ணியுடையது. அவளுடைய அக்கா வீட்டுக்கு எல்லோரும் சேர்ந்து போன ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நாங்கள் அதை முதலில் கேட்டோம். ஆக்சிலேட்டரை மிதித்தால் காருக்கு அடியில் யாரோ இரும்புக் கதவைத் தட்டுவதுபோல் தடதடவென்று வரும். காலை எடுத்தால் நின்றுவிடும்.

"நாளைக்கு நானே தனியா கொண்டுபோய்க் காட்டறேன்" என்றான் அண்ணன்.

"நாலு வாரமா இதே நாளைக்குதான். இன்னிக்கு அக்கா வீட்டுக்குப் போற வழியிலயே காட்டிட்டுப் போவோம். பேரு பெரிய கம்பெனி ஆபீசர், வண்டி பழைய இரும்புக் கடை" என்றாள் அண்ணி.

அண்ணன் ஒரு மருந்து கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் அண்ணிக்குத் தனிச் சந்தோஷம். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நானும் அவன் சம்பளத்தில்தான் சாப்பிட்டேன். அண்ணி சொன்னதற்கு நானும் தலையாட்டினேன். ஆட்டாமல் இருந்திருக்கலாம்.

பட்டறையை ஒட்டி ஒரு ஏற்றமான சாலை. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"எப்பப்ப வருது சார்?"

"தினமும். காலையில மேம்பாலம் ஏறும்போது வருது. சிக்னல்ல நின்னு எடுத்தாலும் வருது."

அவர் தனியாக ஓட்டிக்கொண்டு மேட்டில் ஏறி இறங்கி வந்தார். சத்தமே இல்லை.

"என்னைப் பார்த்ததும் நல்ல புள்ள ஆயிடுச்சு சார்."

"இவரும் அப்படித்தான். வீட்டுக்கு ஆள் வந்துட்டா சத்தமே வராது" என்றாள் அண்ணி.

அண்ணனை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு இன்னொரு முறை போனார். அப்போதும் வரவில்லை. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அண்ணன் சாவிக்குக் கையை நீட்டினான். நான் இயற்பியல் படித்தவள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று மூன்று வருடம் ஆய்வகத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"ஒவ்வொருத்தரா ஏறிப் பார்க்கலாமா?" என்று மெக்கானிக்கிடம் மெதுவாகக் கேட்டேன்.

நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். சத்தம் வரவில்லை. அண்ணியும் என் பக்கத்தில் ஏறினாள். பாதி மேட்டில் தடதடவென்று தொடங்கியது.

"நான் ஏறினாதான் வருதா? வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்" என்று முன்னால் இருந்த அண்ணனின் தோளில் ஒன்று வைத்தாள். எல்லோரும் சிரித்தோம். முதலில் சிரிப்பை நிறுத்தியவன் அண்ணன்.

காரை மேலே தூக்கினார்கள். மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டினார். சைலன்சர் குழாயைத் தாங்கும் ரப்பர் வளையம் அறுந்திருந்தது.

"பின்னாடி ரெண்டு பேர் உக்காந்தா வண்டி தாழுது. மிதிச்சா இன்னும் தாழ்ந்து, இந்தக் குழாய் பின் அச்சுல போய் இடிக்குது. பத்து நிமிஷ வேலை சார்." இடித்த இடத்தை விரலால் தடவினார். அந்த இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. "ஆனா இது எப்பவாவது ஒருநாள் இடிச்ச மாதிரி இல்லையே. தினமும் பின்னாடி..."

அண்ணன் தரையில் கிடந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெக்கானிக் அவனை ஒரு கணம் பார்த்தார். விரலைத் துணியில் துடைத்தார்.

"ரோடு அப்படி இருக்கு. குண்டு குழியில காலியா போனாலும் இடிக்கும்."

"ஆமா, ரோடுதான்" என்றான் அண்ணன் உடனே.

அதோடு முடிந்திருக்கும். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காதவள் என்று என்னைச் சொல்வார்கள். அன்றைக்கென்று திறந்தேன்.

"இல்லீங்க. காலியா போனப்ப இடிக்கலையே. நான் ஒருத்தி உக்காந்தும் இடிக்கலை. இப்பதானே பார்த்தோம்?"

பரீட்சையில் சரியான விடை எழுதியவளின் குரல் அது. எனக்கே நன்றாகக் கேட்டது.

மெக்கானிக் ரப்பர் எடுத்துவருகிறேன் என்று உள்ளே போனார். ரப்பர் டப்பா அவர் காலடியிலேயே இருந்தது.

"அப்போ ஆபீஸ் போறப்ப தினமும் பின்னாடி யாருங்க உக்கார்றாங்க?" அண்ணி இன்னும் பாதிச் சிரிப்பில்தான் இருந்தாள். "லிஃப்ட் குடுக்கறீங்களா? சொல்லவே இல்ல?"

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தினமும் வீட்டுக்கு வந்ததும் அண்ணன் பின்சீட்டை ஈரத்துணியால் துடைப்பது. பின்னால் உட்காருபவர்களுக்கு எட்டும்படி புதிதாக இழுத்துவிட்ட சார்ஜர் வயர். சீட்டுக்கு அடியில் கிடந்த ஹேர்கிளிப்பை எடுத்து, உன்னுடையதா என்று அவன் என்னிடம் கேட்டது.

"அண்ணி, நேரமாச்சு, போகலாம்" என்றேன். இந்த முறை என் குரல் எழும்பவில்லை.

"இரு." அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "என்னங்க, உங்களைத்தான் கேக்கறேன். யாரு?"

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. அந்தரத்தில் நின்ற சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிவிட்டான். அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாருன்னு எனக்கும் தெரியாதும்மா. தினமும் வேற வேற ஆளுங்க" என்றான். "வேலை போயி ரெண்டு மாசமாச்சு. வாடகைக்கு ஓட்டிட்டு இருக்கேன்."