ஆராயப்பட்டது

அப்பாவின் மூக்கிலிருந்து ரத்தம் நிற்கவே இல்லை. மூன்றாவது துண்டும் நனைந்துவிட்டது. வண்டிக்குச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக மாத்திரைகளை வாரிய அக்காவின் கையில் ஒரு பச்சை டப்பா சிக்கியது. மறதி நோய்க்கு மூலிகைக் காப்ஸ்யூலாம்.

"இதை எத்தனை நாளா குடுக்கிற?"

"ஒரு மாசமா," என்றான் தம்பி, அப்பாவின் மூக்கை அழுத்திப் பிடித்தபடி. "கத்தாதக்கா. மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது."

"ஒண்ணும் பண்ணாதுன்னா எதுக்குடா குடுத்த?"

"அதுல பாரு. ஆயிரம் பேர்கிட்ட ஆராயப்பட்டதுன்னு போட்டிருக்கான்."

அவள் பார்க்கவே தேவையில்லை. அச்சகத்தில் பிழை திருத்துவதுதான் அவள் பிழைப்பு. இதே டப்பாவின் அட்டையில் 'ஆறாயப்பட்டது' என்று வந்ததை 'ஆராயப்பட்டது' என்று திருத்தி, ஓரத்தில் கையெழுத்தும் போட்ட மகராசி அவளேதான். கூடவே வந்த ஆய்வறிக்கையையும் வரி வரியாகப் படித்திருந்தாள், ஒற்றுக்காகவும் காற்புள்ளிக்காகவும். கம்பெனிக்காரன் ஒரு பொய்கூட எழுதவில்லை. அவனுடைய அயோக்கியத்தனத்தில் எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துக்கொண்டது அவள்.

"ஆராய்ஞ்சாங்கடா! ஆராய்ஞ்சு, மருந்தே இல்லாத வெத்து மாத்திரைக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லன்னு கண்டுபிடிச்சாங்க. அதை மட்டும் டப்பாவுல போடல. அப்பா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாரே, அதோட சேர்த்தா ரத்தம் கசியலாம்னும் அந்த அறிக்கையில இருந்துச்சு. என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

யாரைத் திட்டுகிறோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

தம்பி நனைந்த துண்டை மடித்துப் பிடித்தான். "போன வாரம் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாருக்கா. ரெண்டு வருஷம் கழிச்சு. அது இதாலதான்னு நெனச்சேன்."

"இந்த நோயில சில நாள் அப்படித் தெளிவா இருக்கும்டா. தானா வரும், தானா போயிடும்."

"சரி, இதை விட்டுடுறேன். பழசெல்லாம் திரும்ப வர்றதுக்கு நல்ல மருந்தா, நிரூபிச்ச மருந்தா ஒண்ணு சொல்லு. எங்க கிடைச்சாலும் போய் வாங்கிட்டு வர்றேன்."

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், யாரோ அக்கம்பக்கத்தார் சண்டையைப் பார்ப்பதுபோல.

"அப்படி ஒண்ணு இல்லடா," என்றாள். அந்தக் கம்பெனிக்காரன் வாயால் வரவேண்டியதைத் தன் வாயால் சொல்ல நேர்ந்ததே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.