குடையை மடிச்சு வை

சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துக் கேஸ்களை விசாரிக்கும் வேலை. வண்டி எப்படி மோதியது, யார் எங்கே நின்றார்கள், எந்தப் பக்கத்துக் கண்ணாடி உடைந்தது என்று குடைந்துகொண்டே இருப்பேன். இத்தனை வருஷத்தில் நான் கண்டுகொண்டது ஒன்றுதான். நிஜமாகவே பார்த்தவர்கள் ஆளுக்கொரு மாதிரி தப்பாகச் சொல்வார்கள். சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்தவர்கள்தான் எல்லாவற்றையும் சரியாகச் சொல்வார்கள்.

தங்கை கூட்டிவந்த லிஃப்ட்காரர் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். தங்கை வேலை பார்க்கும் மருந்துக் கடை இருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்று, அவள் உள்ளே மாட்டிக்கொண்டு, இவர் வெளியே நின்று பேச்சுக் கொடுத்து, கதவைத் திறப்பதற்குள் விஷயம் கல்யாணம் வரைக்கும் போய்விட்டதாம். அந்தக் கதையே எனக்கு நம்பும்படியாக இல்லை. லிஃப்ட் என்ன, ஆள் பார்த்தா நிற்கும்?

முதல் நாள் வந்தவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தும் நகக்கண்ணில் கிரீஸ் ஒட்டியிருந்தது. அது ஒன்றை மட்டும் நம்பினேன். டீயை வாங்கிக்கொண்டே டிவிக்குப் பக்கத்தில் இருந்த பழைய வீடியோ கேசட்டைப் பார்த்தார்.

"அட, கறுப்புக் குடையா? இந்தப் படம்னா எனக்கு உயிர், அக்கா" என்றார்.

வந்து டீ கூடக் குடித்து முடிக்கவில்லை, அதற்குள் அக்காவாம்.

'கறுப்புக் குடை' எங்கள் வீட்டுப் படம். வந்த வேகத்திலேயே தியேட்டரை விட்டு ஓடிப்போன துப்பறியும் படம். மழைச் சண்டையில் ஹீரோ மேல் மட்டும் மழை பெய்யும், பின்னால் ரோடு காய்ந்து கிடக்கும். இடது கையில் இருக்கும் கட்டு அடுத்த காட்சியில் வலது கைக்குத் தாவிவிடும். வில்லனின் தாடி ஒரு பக்கம் பிய்ந்து தொங்கும். "தாடி தனியா நடிக்குது பாரு" என்பார் அப்பா. ஜுரம் வந்தாலும், பரீட்சை முடிந்தாலும் வீட்டில் அதைத்தான் போடுவோம். அதைவிட நல்ல படங்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். நல்ல படத்தைப் பார்த்து, மெச்சி, மறந்துவிடலாம். இது அப்படி இல்லை. வீட்டில் ஒரு அசட்டுப் பிள்ளை இருந்தால் எல்லோருக்கும் அதன் மேல்தானே கண் இருக்கும்.

அதுவும் அந்தக் கடைசிக் காட்சி. குண்டடிபட்ட வில்லன் குடையைப் பிடித்தபடியே ஹீரோவிடம் ஏதோ சொல்லிவிட்டுச் சாவான். எங்கள் கேசட்டில் சரியாக அந்த இடத்தை வீடியோ டெக் மென்று துப்பியிருந்தது. படம் நெளியும், சத்தம் வராது. அப்போது அப்பா பின்னாலிருந்து வில்லன் குரலில் சொல்வார்.

"குடையை மடிச்சு வை." ஒரு இருமல். "தரையெல்லாம் ஈரமாகுது."

அப்பா கண்ணாடி அறுக்கும் கடை வைத்திருந்தார். இருமல் அந்தத் தூசி கொடுத்தது. படத்தைத் தியேட்டரில் பார்த்தவர் என்பதால் வசனம் அவருக்குத் தெரியும் என்று நினைத்திருந்தோம். வீட்டில் எந்தச் சண்டையும் அந்த வசனத்தில்தான் முடியும். யார் கோபித்துக்கொண்டு எந்த அறையில் கிடந்தாலும், மற்றவர் வாசலில் வந்து அதைச் சொன்னால் போதும், கதவு திறந்துவிடும். அப்பா போன பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை.

சரி, விசாரணைக்கு வருகிறேன்.

"படத்தை எங்க பார்த்தீங்க?" என்று நூல் விட்டேன்.

"சின்ன வயசுல எங்க மாமா வீட்டுல. கேசட்டுல."

"ஹீரோ கைக்கட்டு ஞாபகம் இருக்கா?"

"முதல்ல இடது கை, அப்புறம் வலது கை." மூச்சு விடாமல் சொன்னார்.

"தாடி?"

"தாடி தனியா நடிக்கும்."

எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. தாடி பிய்ந்து தொங்குவதை யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். அது தனியாக நடிக்கிறது என்பது எங்கள் அப்பாவின் பேச்சு. தங்கையைப் பார்த்தேன். அவள் டீ தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கிளம்பிப் போனதும் சமையலறையில் அவளைப் பிடித்தேன்.

"அவர் அந்தப் படத்தைப் பார்த்தே இருக்க மாட்டார். நீ சொல்லிக்கொடுத்திருக்கே."

"ஆமா, உட்கார வெச்சுப் பாடம் எடுத்தேன். உன் ஆபீஸை வீட்டுக்குக் கொண்டு வராதேக்கா."

"ஒரு படத்துக்கே பொய் சொல்றவர் நாளைக்கு எதுக்குத்தான் சொல்ல மாட்டார்?"

அவள் பாத்திரத்தை ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள். அம்மாவைக் கேட்டால், "நீ சரின்னா எனக்குச் சரி" என்றாள். அப்பா போனதிலிருந்து அம்மா எல்லாவற்றுக்கும் என் முகத்தைத்தான் பார்க்கிறாள். ஆக, இந்தக் கல்யாணம் என் ஒரு வார்த்தையில் தொங்கியது. தங்கை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக ஒரு புளுகனுக்குக் கட்டிவைத்துவிட்டு, பின்னால் அவள் அழுதுகொண்டு வந்து நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. ஏதோ ஒரு கிடங்கில் கறுப்புக் குடையின் பிரிண்ட் கிடைத்து, சின்னத் தியேட்டர் ஒன்றில் ஞாயிறு மத்தியானங்களில் ஓட்டுகிறார்களாம். கூட்டம் நெரிகிறதாம். நாலு டிக்கெட் எடுத்தேன். லிஃப்ட்காரர் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ இஸ்திரி போட்ட சட்டையில் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றார். கையில் கறுப்புக் குடை. விலைச் சீட்டு இன்னும் அதில் ஆடிக்கொண்டிருந்தது.

தியேட்டர் வாசலில் எல்லோர் கையிலும் கறுப்புக் குடை. டை கட்டியவர்கள், யூனிஃபாரத்தோடு ஒரு நர்ஸ், கைக்குழந்தையோடு ஒரு ஜோடி, பஞ்சுத் தாடியை ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்த நடுவயதுக்காரர். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இது எங்கள் வீட்டுப் படம். இவர்களெல்லாம் யார், இத்தனை நாள் எங்கே இருந்தார்கள்?

படம் ஓட ஆரம்பித்ததும் நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். தாடி தொங்கியதும் தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. அவர் கொஞ்சம் பிந்திச் சிரித்தார். கட்டு கை மாறியபோது அவர் கண் விரிந்தது. தெரிந்ததைத் திரும்பப் பார்க்கிற முகமில்லை அது, கேள்விப்பட்டதை முதல் தடவையாகப் பார்க்கிற முகம். ஆனால் முகத்தை வைத்துக் கேஸை முடிக்க முடியாது. மழைச் சண்டை வந்தது. எல்லோரும் குடையை விரித்தார்கள், பின் வரிசைக்காரர்கள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் தெளித்தார்கள். அவர் தன் குடையை அம்மா பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தார். நல்ல பேர் வாங்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிக் காட்சி. வில்லன் சரிந்தான். படம் நெளியவில்லை, சத்தமும் போகவில்லை. அவன் வாயைத் திறக்க, மொத்தத் தியேட்டரும் அவனோடு சேர்ந்து கத்தியது.

"எனக்குத்தான் சாவு, என் நிழலுக்கு இல்லை!"

அம்மாவும் தங்கையும் வேறு எதையோ சொல்ல வாயெடுத்து அப்படியே நின்றுவிட்டார்கள். நானும்தான். கூச்சல் அடங்கியபோது எங்கள் வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல் வந்தது.

"குடையை மடிச்சு வை." ஒரு இருமல். "தரையெல்லாம் ஈரமாகுது."

முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். லிஃப்ட்காரர் அதைத் திரையைப் பார்த்துச் சொல்லவில்லை. எங்கள் மூன்று பேரையும் பார்த்து, நாங்களும் சேர்ந்துகொள்வோம் என்று நம்பிச் சொல்லியிருந்தார். இப்போது திருதிருவென்று விழித்தார்.

குட்டு வெளிப்பட்டுவிட்டது. அந்த வசனம் படத்தில் இல்லை. எந்த மாமா வீட்டுக் கேசட்டிலும் இருக்க முடியாது. எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் இல்லை. ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். ஆனால் அந்த இருமல் அப்பாவுடையது. அதே இடத்தில், அதே அளவில். அப்பா போன பிறகு நாங்கள் அந்த வசனத்தைச் சொல்வோமே தவிர, யாரும் இருமுவதில்லை. யாராலும் முடியவில்லை.

வசனமே அப்பாவுடையதுதான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. ஊரார் பொய்யையெல்லாம் தோண்டி எடுக்கிற நான் இதை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

வெளியே டிக்கெட் கவுண்டருக்கு எதிரே இருந்த பெஞ்சில் அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ அது உங்கப்பா சொன்னதா?" என்றாள், யாரையும் பார்க்காமல். "இத்தனை வருஷமும்?"

லிஃப்ட்காரர் குடையை மடிக்கக்கூடத் தோன்றாமல் விரித்தபடியே பிடித்துக்கொண்டு நின்றார். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நான் இந்தப் படத்தை இன்னைக்குத்தாங்க முதல் தடவை பார்க்கிறேன்." 'அக்கா' என்ற அழைப்பு எங்கோ போய்விட்டது. "மாமா வீடெல்லாம் பொய்."

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்" என்று தங்கை குறுக்கே வந்தாள். "படம் பிடிக்கும்னா நீ கொஞ்சம் இளகுவேன்னு நினைச்சேன்."

"இருமலையும் நீதான் சொல்லிக்கொடுத்தியா?"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர்தான் பேசினார்.

"லிஃப்ட் நின்ன அன்னைக்கு உள்ளே இருட்டு. ரொம்ப அழுதாங்க. எதையாவது பேசிக்கிட்டே இருங்கன்னு சொன்னேன். இந்தப் படத்தை ஆரம்பத்துலேருந்து சொன்னாங்க. தாடி, கட்டு, எல்லாம். கடைசியில அந்த வசனத்தை, அப்பா இப்படித்தான் சொல்வார்னு இருமிச் சொன்னாங்க. அதுக்கப்புறம் அழலை. நான் கதவைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே நின்னேன். இருமல் இல்லாம எனக்கு அதைச் சொல்ல வரலைங்க."

நான் தங்கையைப் பார்த்தேன். எங்களிடம் இருமிக் காட்ட முடியாததை முகம் தெரியாத ஒருவரிடம், மூடிய கதவு வழியாகக் காட்டியிருக்கிறாள். எனக்கு அழுகை முட்டியது. கோபமும் போகவில்லை. பொய் பொய்தான். என் ஆபீஸாக இருந்தால் இந்தக் கேஸைத் தள்ளுபடி செய்துவிட்டு அடுத்ததைப் பார்த்திருப்பேன்.

டிக்கெட் கிழிப்பவர் தரையில் தேங்கிய தண்ணீரையும் எங்களையும் மாறி மாறி முறைத்தார். நான் லிஃப்ட்காரரின் பக்கத்தில் போனேன். தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குடையை மடிச்சு வைங்க" என்றேன். இருமல் தானாக வந்தது. "தரையெல்லாம் ஈரமாகுது."

அது எங்கள் வீட்டில் எப்போது சொல்லப்படும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குடையை மடித்துச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்.

"சரிக்கா" என்றார்.