மேலயா, கீழயா

லிங்கேஸ்வரனிடம் ஒரு குறை உண்டு. கெட்டவன் என்று சொல்ல முடியாது. யாரையும் கேட்காமல் நல்லது செய்துவிடுவான். வீரபாண்டித் திருவிழாவுக்காகச் சுருளிப்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த அவன் மனைவி மாரீஸ்வரி, கம்பத்துக்குத் திரும்பி வந்தபோது குடியிருந்த வீட்டில் பூட்டுத் தொங்கியது. சாமான் எல்லாம் பண்ணைப்புரம் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள். மனைவிக்காகப் பெரிய சமையலறை உள்ள வீடாகப் பார்த்து, உப்பு டப்பா முதற்கொண்டு அடுக்கிவைத்துவிட்டு, அவள் முகம் மலர்வதைப் பார்க்க அங்கே வாசலில் காத்திருந்தான் அந்தப் புண்ணியவான். அவள் அந்த வீட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே அம்மா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

எதற்குக் கோபம் என்று அவனுக்கு மாதக்கணக்கில் விளங்கவில்லை. போன் செய்தால் பேசுவாள். வீட்டுக்கு வா என்றால் வைத்துவிடுவாள்.

அவனுக்குப் பிழைப்பே கயிற்றில்தான். காற்றாலை இறக்கைகளைக் கயிற்றில் தொங்கியபடி துடைத்துப் பழகியவன், இப்போது சனி, ஞாயிறுகளில் வெளியூர்க்காரர்களை மலைக்குக் கூட்டிப் போகிறான். பண்ணைப்புரத்துக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டுக்குள் ஓர் ஓடை இருக்கிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. நடுவில் தண்ணீர் அருவி அருவியாக விழுந்து இறங்கும். ஒவ்வோர் அருவியின் தலையிலும் பாறையில் அடித்த வளையத்தில் கயிற்றை இரட்டையாகக் கோத்து இறங்குவார்கள். கீழே போனதும் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தக் கயிறும் உருவிக்கொண்டு வந்துவிடும். அடுத்த அருவிக்கும் அதே கயிறுதான். உருவிய பிறகு திரும்பி ஏற வழியில்லை. கடைசிவரை இறங்கியே ஆகவேண்டும்.

அதனால் அவன் ஒரு சட்டம் வைத்திருந்தான். முதல் அருவியில் இறங்கியதும் வந்தவர் ஒவ்வொருவரையும் கேட்பான்: "மேலயா, கீழயா?" பயந்தவர்களை, மேலே நிற்கும் அவன் கூட்டாளி வினோத்ராஜ் தூக்கிவிடுவான். எல்லோரும் வாயைத் திறந்து கீழே என்று சொல்லும்வரை கயிற்றை உருவக் கூடாது.

தை மாதத்தில் ஒருநாள் மாரீஸ்வரியே போன் செய்தாள். "அந்த ஓடைய நானும் பாக்கணும். கூட்டிட்டுப் போறீகளா?" லிங்கேஸ்வரனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஜீப்பில் வினோத்ராஜ் சட்டத்தை ஒப்பித்துக்கொண்டே வந்தான். "பயமா இருந்தா வெக்கப்படாதீக மதினி. மொத அருவி எறங்குனதும் அண்ணன் கேப்பாக. மேலன்னு சொன்னீகன்னா நான் தூக்கிருவேன்."

"உங்க அண்ணன் கேப்பாகளா?" என்றாள் மாரீஸ்வரி.

"எல்லாரையும் கேப்பாக."

அவள் சிரித்தாள். லிங்கேஸ்வரனும் சேர்ந்து சிரித்தான். எதற்குச் சிரிக்கிறோம் என்று யோசிக்கிற ஆள் இல்லை அவன்.

முதல் அருவியில் அவன் முன்னால் இறங்கி, கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் பாதி வழியில் கால் வழுக்கி, முழங்காலைப் பாறையில் இடித்துக்கொண்டு, ஒருவழியாக இடுப்பளவு தண்ணீரில் வந்து நின்றாள். குளிரில் உதடு நடுங்கியது. இறங்கி வந்த பாறையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவன் மனதுக்குள் கணக்குப் போட்டான். கேட்டால் மேலே என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் ஜீப், சுருளிப்பட்டி, அம்மா வீடு. கீழே இறங்கினாலோ ஓடை முடிகிற இடம் பண்ணைப்புரம் ரோடு. அங்கிருந்து வீடு கூப்பிடு தூரம். பயந்தாலும் இறங்கி முடித்தபின் அவளே சந்தோஷப்படுவாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஊர்பேர் தெரியாதவர்களை எல்லாம் கேட்கிறவனுக்குப் பெண்டாட்டியைக் கேட்க வாய் வரவில்லை. கயிற்றின் முனையைப் பிடித்து இழுத்தான்.

மேலிருந்து வினோத்ராஜ் கத்தினான். "அண்ணே, மதினியக் கேட்டீகளா?"

"கேட்டாச்சு, கேட்டாச்சு! நீ ஜீப்ப எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு வா!"

கயிறு வளையத்தைத் தாண்டிச் சடசடவென்று தண்ணீரில் விழுந்தது. மாரீஸ்வரி அதைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் இறங்கியதில் ஒரு குறை சொல்ல முடியாது. சொன்ன இடத்தில் கால் வைத்தாள், சொன்னபோது கயிற்றை விட்டாள். ஒவ்வோர் அருவி முடிந்ததும் அவன், "பாத்தியா, எவ்வளவு சுளுவா எறங்குற!" என்று பூரித்தான். அவள் "ம்" கொட்டினாள். அந்த "ம்" போதுமானதாக இருந்தது அவனுக்கு.

ரோட்டில் ஜீப் நின்றது. "தம்பி, என் பைய எடுங்க" என்றாள் மாரீஸ்வரி. வினோத்ராஜ் பின் சீட்டுக்கு அடியிலிருந்து இழுத்துப்போட்டது சின்னப் பை அல்ல.

"என்னத்துக்கு இம்புட்டுப் பெரிய பை?" என்றான் லிங்கேஸ்வரன்.

"துணிமணி. அம்மாகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன்." துப்பட்டாவைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். "அங்கன தண்ணிக்குள்ள நின்னப்ப, நீங்க கேப்பீக கேப்பீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். என்னையும் ஒரு ஆளா மதிச்சு ஒரு வார்த்த கேட்டா, கீழன்னு சொல்லணும், அப்படியே உங்க கூட வீட்டுக்கு வந்துரணும்னுதான் இருந்தேன். நீங்க கேக்கவும் இல்ல. கேட்டேன்னு வேற சொன்னீக."

வினோத்ராஜ் குனிந்து ஜீப் டயரைப் பார்க்கத் தொடங்கினான். கம்பத்தில் பூட்டிய வீட்டு வாசலில் அவள் அன்று எப்படி நின்றிருப்பாள் என்பது அப்போதுதான் லிங்கேஸ்வரன் மண்டைக்குள் ஏறியது. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கம்பம் பஸ் வளைவில் தெரிந்தது.

"மாரி, நம்ம வீட்டுக்கு வாறியா?" என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய சம்மதத்தை அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டுவிட்டால் பதிலுக்குக் காத்து நிற்க வேண்டும் என்பதும், அது எவ்வளவு கொடுமை என்பதும் அவனுக்குப் புதிது. அவள் எடுத்தெறிந்து பேசவில்லை. அவன் முகத்தைப் பார்த்து, நிதானமாக யோசித்தாள்.

"இல்ல" என்றாள்.

பஸ் வந்து நின்றது. அவன் பையைத் தூக்கிப் படியில் வைத்தான்.