தந்தி வராத வாரம்

பழவேற்காட்டில் தந்தி வந்தால் அது மௌத்துச் செய்திதான். கல்யாணத்துக்கு ஆள் அனுப்பிச் சொல்வார்கள், குழந்தை பிறந்தால் சர்க்கரை கொடுத்துச் சொல்வார்கள், தந்தி மட்டும் சாவுக்கு. அதனால் எண்பத்தேழாம் வருஷக் கோடையில் தபால்காரர் தருமலிங்கம் தந்தியோடு வாசலில் நின்றதும், கைருன் பீவி அதைப் பிரிக்கக்கூட இல்லை. மெட்ராஸில் வேலை பார்க்கும் ஒரே மகள் போய்விட்டாள் என்று முடிவுகட்டி அழத் தொடங்கிவிட்டாள். தெருவே கூடியது. யாரோ பொன்னேரி பஸ்ஸை நிறுத்தியும் வைத்துவிட்டார்கள். புருஷன் அப்துல் ஹை ஓடிவந்து படித்தார். 'பழவேற்காடு எடை வரவில்லை. காரணம் தெரிவிக்கவும்.'

மெட்ராஸில் வாப்பாவின் கடிதத்தில் இதைப் படித்த மகள் மரியம் பீவிக்கு வெட்கமாகப் போயிற்று. அந்தத் தந்திக்குக் காரணம் அவள் பார்த்துக்கொள்ளும் மிஷின்.

இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் அவளுக்கு வேலை. தினமும் விடியற்காலையில் மிஷின் தானாகவே ஊர் ஊராக வந்த எடையைக் கூட்டும். ஏதாவது ஊர்க் கணக்கு விட்டுப்போனால் 'பிழை' என்று அச்சடிக்கும். அதை கிளார்க் சந்தியாகு அப்படியே தந்தி அடித்துவிடுவார். பழவேற்காட்டில் இறால் வாங்கி அனுப்புவது வாப்பாதான். அந்தக் கோடையில் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் மூடி, ஏரியில் இறாலே இல்லை. 'முகத்துவாரம் அடைத்திருக்கிறது' என்று அவரும் பதில் போட்டார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். மறுநாளும் அதே பிழை, அதே தந்தி.

வாப்பாவின் அடுத்த கடிதம் வந்தது. 'தந்தியைப் பார்த்தாலே உன் உம்மாவுக்கு நெஞ்சு படபடக்கிறது. வேலையை விட்டுவிட்டு வரச் சொல்கிறாள்.'

வேலையை விடுவதா! எத்தனை பேரிடம் கெஞ்சி வாங்கிய வேலை! தந்தியையே நிறுத்திவிடலாமா என்று மேனேஜரிடம் கேட்டாள். "நிஜமான கோளாறு வந்தா எப்படிம்மா தெரியும்?" என்றார். அதுவும் நியாயம்தான்.

மிஷினுக்குக் கட்டளை சொல்லும் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினாள். இன்றைய பிழையை நேற்றையதோடு ஒப்பிட்டுப் பார். அதுவேதான் என்றால் வாயை மூடிக்கொள். புதிது என்றால் சொல், பழையது சரியானாலும் சொல். மறுநாளும் தந்தி போனது. பார்த்தால், பிழையோடு தேதியும் சேர்ந்து அச்சாகிறது. தேதி தினமும் புதிதுதானே! தலையில் அடித்துக்கொண்டு, தேதியை நீக்கிவிட்டு ஒப்பிடச் சொன்னாள். மிஷின் வாயை மூடியது.

ஒரு வாரம் நிம்மதியாகப் போயிற்று. அப்புறம் ஒரு நாள், துப்பட்டி போர்த்திய உருவம் ஒன்று, செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏசி அறைக்குள் வந்து நின்றது. கையில் கருவாட்டுப் பொட்டலம். பின்னால் வாப்பா.

"உசுரோடதான் இருக்கியாடி?" உம்மா அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இன்னா உம்மா, இன்னா ஆச்சி?"

"இன்னா ஆச்சா? ஒரு வாரமா தந்தியே இல்லியே!"

வாப்பா தலையைச் சொறிந்தார். "தந்தின்னா பயப்படுறாளேனு நான்தாம்மா சொல்லி வெச்சேன். இது நம்ம பொண்ணு ஓட்டுற மிஷின் அனுப்புறது, வந்தா அவ நல்லாருக்கானு அர்த்தம்னு. அதுலேர்ந்து தெனமும் தருமலிங்கத்துக்காக வாசல்லியே குந்திக்கினு இருந்தா."

மரியத்துக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரே தப்பைத் தினமும் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள், அதனால்தான் நிறுத்தினேன் என்று எடுத்துச் சொன்னாள்.

"தப்ப ஒரு தபா சொல்லு, போதும்," என்றாள் உம்மா. "நல்லாருக்கேன்றத தெனமும் சொன்னா இன்னா கொறஞ்சிபூடும்?"

"வேலைய வுட்டுட்டு வரச் சொன்னியே?"

"தெனமும் சேதி வந்தா நான் ஏன் வரச் சொல்லப்போறேன்?"

இதற்கு ஸ்கிரிப்ட் உதவாது. மரியம் கீழே போய் ஒரு கட்டு போஸ்ட் கார்டு வாங்கிவந்தாள். உம்மா பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கும்போதே முதல் கார்டை எழுதி முடித்தாள்.

"படிக்கட்டுமா உம்மா?"

"வேணாம், இப்பச் சொல்லாத," என்றாள் கைருன் பீவி. "அது ஊட்டுக்கு வரட்டும்."