யாழினி, மெடிக்கல் முதலாமாண்டு

தை மாதத்தில் ஒருநாள் மத்தியானம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கூட்டம் ஓய்ந்திருந்தது. அமலா போனில் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு பூனை வந்தது, ஒரு பிரியாணி வந்தது, கல்யாண மேடையில் ஆடும் மணப்பெண் வந்தாள். அதற்கடுத்து அமலாவே வந்தாள்.

வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், நெற்றியில் பறக்கும் முடி. அசையாத போட்டோவை எப்படியோ அசைய வைத்திருந்தார்கள். கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ‘யாழினி, மெடிக்கல் முதலாமாண்டு. ஒருமுறை படித்தால் மறப்பதே இல்லை. காரணம், மூளைமித்ரன் பவுடர்!’ யாரோ ஒரு பெண் இனிமையாக அதைப் பேச, திரையில் அமலாவின் உதடுகள் அந்தக் குரலுக்கு ஏற்ப அசைந்தன.

அந்த போட்டோ அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. லேப் டெக்னீஷியன் படிப்பின் கடைசி வருடத்தில் ஒரு ரத்ததான முகாம் நடந்தது. டாக்டர் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் அவருடைய ஸ்டெதஸ்கோப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். தோழி கலைப்பிரியா போட்டோ எடுத்தாள். அமலா அன்றே அதை இன்ஸ்டாகிராமில் போட்டாள். ப்ளஸ் டூ முடித்ததும் மருத்துவ நுழைவுத் தேர்வை ஒரேயொரு முறை எழுதியிருந்தாள். மார்க் எட்டாத தூரத்தில் நின்றுவிட்டது. இப்போது திண்டிவனம் செஞ்சி ரோட்டில், கையில் ரப்பர் பட்டை கட்டி நரம்பு தேடுகிற வேலை.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னொரு முறை பார்த்தாள். பிறகு இன்னொரு முறை. யாழினியின் முகத்தில், எல்லாம் நடந்து முடிந்துவிட்ட ஒருத்தியின் நிம்மதி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பஸ்கள் சத்தமே இல்லாமல் போவதுபோல அமலாவுக்குத் தோன்றியது.

ஒரு வாரத்தில் விளம்பரம் ஊரில் பாதிப் பிள்ளைகளின் போனுக்குள் போய்விட்டது. டவுன் பஸ்ஸில் ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட இரண்டு பெண்கள் அவளைப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். இறங்கும்போது ஒருத்தி, “பை யாழினியக்கா!” என்று கத்தினாள். அமலா கையசைத்தாள். அன்று வீடுவரை நடந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. பனி இறங்கத் தொடங்கிய தெருவில் கால்கள் தாமாகவே போயின.

அப்பா சகாயராஜ் கமிட்டியில், அதாவது விவசாயிகள் மூட்டை கொண்டுவந்து விற்கும் விற்பனைக்கூடத்தில், சுமை தூக்குகிறவர். சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“ஒம் பொண்ணு டாக்டருக்குப் படிச்சிக்கினு இருக்குதாமே, சொல்லவே இல்லியேன்னு மேஸ்திரி கேட்டாரு. போன்ல காட்டுறாரு.”

“நீ இன்னா சொன்னப்பா?”

“ஆமான்னும் சொல்லல. இல்லன்னும் சொல்லல.”

அப்பா மெதுவாகச் சிரித்த மாதிரி இருந்தது.

விளம்பரத்தின் கீழே கலைப்பிரியா விளையாட்டாக அமலாவின் கணக்கை டேக் செய்திருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் பொன்னி வந்தாள். செஞ்சிப் பக்கம் வல்லம், கவர்மெண்ட் ஸ்கூல், ப்ளஸ் டூ. ‘அக்கா நீங்கதான யாழினி?’ என்று கேட்டு, கீழே ஏழு இதயங்கள் போட்டிருந்தாள்.

அமலாவின் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ‘ஆமாம்’ என்று எழுதியது.

அடுத்த மூன்று வாரம் ஒரு நீண்ட பகல்தூக்கம்போலக் கழிந்தது. பொன்னி சந்தேகம் கேட்பாள். அமலா பழைய உயிரியல் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கிப் படித்து பதில் சொல்வாள். இதயத்தின் நான்கு அறைகளைச் சொந்தமாக வரைந்து, அம்புக்குறி போட்டு அனுப்பினாள். எழுதும்போது தன் பின்னால் ஹாஸ்டல் வராந்தாவும் வேப்பமரங்களும் இருப்பதாக நினைத்துக்கொள்வாள். ஒருநாள் செய்தி வந்தது. ‘அக்கா, சனிக்கிழமை அப்பா காலுக்குக் கட்டு மாத்த முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு வர்றோம். நீங்க அங்கதான படிக்கிறீங்க? ரெண்டு நிமிஷம் பாக்கணும்.’

லீவில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ‘வா’ என்று எழுதினாள்.

சனிக்கிழமை காலை பாசஞ்சர் ரயில் பனிக்குள் போனது. மயிலம், பேரணி, விக்கிரவாண்டி. ஒவ்வொரு ஸ்டேஷனும் வெள்ளையிலிருந்து கொஞ்சம் தலைகாட்டிவிட்டு வெள்ளைக்குள்ளேயே போய்விட்டது. மல்லாட்டைக் கொல்லைகளில், நிலக்கடலைச் செடிகளுக்கு நடுவே களையெடுக்கும் பெண்கள் இடுப்புவரைதான் தெரிந்தார்கள். முண்டியம்பாக்கத்தில் இறங்கி, பையிலிருந்த லேப் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவே அவளுக்குத் தைரியம் தந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் புங்கமரத்தடியில் பொன்னி நின்றாள். போட்டோவில் பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். ஓடி வந்து அமலாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். விரல்கள் ஜில்லென்றிருந்தன. தோளில் தொங்கிய தண்ணீர் பாட்டிலில் பழுப்பு நிறத்தில் என்னவோ கலங்கியிருந்தது.

“அது இன்னா பொன்னி?”

“மூளைமித்ரன்தான்க்கா! சோறு துன்னா தூக்கம் வருது. அதான் ராவுல இத மட்டும் கலக்கிக் குடிச்சிட்டுப் படிக்கிறேன். நீங்களும் அப்படித்தானக்கா?” மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள். “மாடிப்படி ஏறினாத்தான் கண்ணு இருட்டிக்கினு வருது.”

அமலா தினமும் முப்பது பேரின் ரத்தத்தைப் பார்க்கிறவள். யோசிக்காமலே கை நீண்டது.

“மேல பாரு.”

பொன்னியின் கீழ் இமையை விரலால் இழுத்தாள். உள்ளே சிவப்பே இல்லை. வெளிறிய துணிபோல இருந்தது.

மூன்று வாரமாக அமலாவைச் சூழ்ந்திருந்த ஏதோ ஒன்று அந்த இடத்தில் விலகியது. ஆம்புலன்ஸ் சத்தமும் டீக்கடைச் சத்தமும் ஒன்றாகக் காதில் விழுந்தன.

“நான் டாக்டர் இல்ல பொன்னி. டாக்டருக்குப் படிக்கவும் இல்ல. எம் பேரு அமலா. திண்டிவனத்துல லேப்ல ரத்தம் எடுக்கிறேன். என் போட்டோவ என்னக் கேக்காம எடுத்துப் போட்டுட்டாங்க. இந்தப் பவுடர நான் மோந்துகூடப் பாத்ததில்ல.”

பொன்னி கையை விட்டுவிட்டாள்.

“அப்ப ஆமான்னு எதுக்கு எழுதுனீங்க?”

“யாரோ என்ன அப்படிக் கூப்பிட்டது புடிச்சிருந்துச்சு.”

பொன்னி பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். கண் நிறைந்தது, ஆனால் அழவில்லை. அப்போது அவள் அப்பா பெரியசாமி சீட்டோடு நொண்டிக்கொண்டு வந்தார். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் கும்பிட்டார்.

“இவங்கதான் அந்த டாக்டரம்மாவா?”

“இல்லப்பா. ரத்தம் எடுக்கிற அக்கா” என்றாள் பொன்னி.

அமலா கோட்டைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தாள். “பொண்ணுக்கு ரத்தம் கம்மியா இருக்கிற மாதிரி தெரியுதுங்க. இங்கயே பாத்துட்டுப் போயிடலாம், நானும் கூட நிக்கிறேன்” என்றாள். மூவரும் வரிசையில் நின்றார்கள். வெயில் ஏறிப் பனி முழுதும் கரைந்த பிறகு ரிசல்ட் வந்தது. ஹீமோகுளோபின் ஏழு புள்ளி எட்டு; பன்னிரண்டாவது இருக்க வேண்டும். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னார். பவுடரை நிறுத்தச் சொன்னார்.

பஸ்ஸில் ஏறப்போகும்போது பொன்னி திரும்பினாள்.

“இதயம் வரைஞ்சி அனுப்புனீங்களே, அதுவாவது நெசமா?”

“அது நெசம். புக்குல இருக்கறதுதான்.”

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். “பேஜாராப் பூடிச்சே” என்றார். பிறகு, “சரி. திங்கக்கிழம மேஸ்திரிகிட்ட நானே சொல்லிடறேன்.”

கலைப்பிரியாவும் அமலாவும் உட்கார்ந்து விளம்பரத்தைப் பற்றி இன்ஸ்டாகிராமுக்குப் புகார் அனுப்பினார்கள். அமலா தன் சொந்தக் குரலில், தான் யாழினி இல்லை என்று ஒரு வீடியோவும் போட்டாள். பேசும்போது நாக்கு இரண்டு இடத்தில் குழறியது. அப்படியே விட்டுவிட்டாள். விளம்பரத்தை லட்சக்கணக்கில் பார்த்திருந்தார்கள். இதை முந்நூற்றுப் பதினொரு பேர் பார்த்தார்கள். ஒன்பதாம் நாள் விளம்பரம் காணாமல் போனது. டவுன் பஸ்ஸில் அவள் மறுபடியும் யாரோ ஒருத்தியானாள். சில நாள் அது வெறுமையாக இருந்தது. அதையும் அவள் தனக்குத்தானே மறைக்கவில்லை.

பங்குனித் தொடக்கத்தில் பொன்னியிடமிருந்து செய்தி வந்தது. ‘லேப் அக்கா, இப்ப பத்து புள்ளி ஒண்ணு. சிறுநீரகம் புரியல, வரைஞ்சி அனுப்புங்க.’ அதன் கீழே ஒரு வீடியோ இருந்தது. ‘இது யாருக்கா?’

அதே பவுடர், அதே இனிமையான குரல். ‘யாழினி, மெடிக்கல் முதலாமாண்டு.’ முகம் மட்டும் வேறு. ஒற்றைப் பின்னலை முன்னால் போட்டு, யாருடைய கல்யாணத்திலோ சிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்.

அமலா அந்த விளம்பரத்தின் கீழே எழுதினாள். ‘இந்தப் பொண்ணு யாருன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. இது யாழினி இல்ல.’

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. ‘இது நான்தான். ஊரு குயிலாப்பாளையம். நான் யாழினி இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?’

வெளியே ஒரு அம்மாள் சட்டைக்கையை மடித்துக்கொண்டு காத்திருந்தார். “ரெண்டே நிமிஷம்ங்க” என்று சொல்லிவிட்டு, அமலா அந்தப் பெண்ணுக்கு நடந்ததை முதலிலிருந்து எழுதத் தொடங்கினாள்.