சண்முகத்தாய் பாடிய பக்கம்

அன்று மத்தியானம் அந்த அறையில் இருந்தவர்கள்: வெடிக் கம்பெனி கண்ணுச்சாமி. திருப்பூரில் வாக்கப்பட்டு, அம்மாவின் திதிக்காக வந்திருந்த அவர் மகள் பாண்டிமீனா. கண்ணுச்சாமியின் செத்துப்போன மனைவி சண்முகத்தாயின் தங்கை பத்திரகாளி. சாத்தூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே சாய்வு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்திருந்தவள். மதுரையிலிருந்து வந்த ஸ்பீக்கர்காரர் விக்னேஷ்வரன். சண்முகத்தாயையும் சேர்த்துக்கொள்ளலாம். அவள் ரெக்கார்டில் இருந்தாள்.

அந்த அறை ஒரு காலத்தில் மிளகாய் வத்தல் கிட்டங்கி. சுவரை மறைத்துப் பலகை அடித்து, ஏசி மாட்டிய பிறகும் காரம் போகவில்லை. புதிதாக உள்ளே வருகிற யாரும் தும்மாமல் உட்கார்ந்ததில்லை. விருதுநகர் ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி கிளம்பினால் தரை அதிரும். அந்த அதிர்வு ஊசிக்குப் போய்விடக் கூடாது என்று, தரையோடு ஒட்டாமல் குழி தோண்டி, தனியாக ஒரு கான்கிரீட் தூணை எழுப்பி, அதன் தலையில் கருங்கல் பலகையை வைத்து, அதற்கு மேல் டர்ன்டேபிளை உட்கார்த்தியிருந்தார் கண்ணுச்சாமி. ஊரில் சிலர் அதைச் சமாதி என்றார்கள். அவர் காதுபடவே சொன்னார்கள். அவர் காதில் விழவில்லை.

சண்முகத்தாய் கல்யாணத்துக்கு முன்பு இருக்கன்குடி மாரியம்மன் மேல் ஒரு பாட்டுப் பாடி அது ரெக்கார்டாக வந்திருந்தது. பத்திரகாளியும் இன்னும் சில பெண்களும் பின்பாட்டு. பெண் பார்க்க வந்தபோது தட்டோடு தட்டாக அதையும் எடுத்து வந்து காட்டினார்கள். கண்ணுச்சாமி வீட்டில் அப்போது ரெக்கார்டு போடுகிற பெட்டி கிடையாது. சீர்ப் பாத்திரங்களோடு வந்து பீரோவுக்குள் போனது, அவள் கர்ப்பப்பைப் புற்றுநோயில் போய்ச் சேரும்வரை அங்கேயே இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் பாடவில்லை. வந்த புதிதில் ஒருமுறை கேட்டார், வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டாள். பிறகு கம்பெனி, சீசன், லைசென்ஸ், லோடு என்று வருஷங்கள் ஓடின. தன் மேல் அவளுக்கு ஏதோ தீராத மனத்தாங்கல், அதனால்தான் வாயைத் திறப்பதில்லை என்று அவராக முடிவு கட்டிக்கொண்டார். கேட்டுத் தெளிந்துகொள்கிற ஆள் இல்லை அவர்.

அவள் போன பிறகு ஒரு சாதாரண பெட்டியை வாங்கி ரெக்கார்டைப் போட்டார். குரல் எங்கோ அடியில் புதைந்து கிடந்தது. பெட்டிதான் கெடுக்கிறது என்று நினைத்தார். வெடித் தொழிலில் அவருக்கு இது நன்றாகத் தெரியும்: வெளிச்சத்துக்குத் தானாக நிறம் கிடையாது. ஒரு உப்பைச் சேர்த்தால் சிவப்பு, இன்னொன்றைச் சேர்த்தால் பச்சை. சத்தமும் அப்படித்தான். ஊசி கொஞ்சம் சேர்க்கும், ஆம்ப்ளிஃபயர் கொஞ்சம், ஸ்பீக்கர் கொஞ்சம், சுவர் கொஞ்சம். எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது அவள் குரல். அவருக்கு அது வேண்டும். ஒரு தடவை, அவள் பாடினபடியே.

விக்னேஷ்வரன் வந்தார். நல்ல ஊசி, நல்ல ஆம்ப்ளிஃபயர், ஆள் உயர ஸ்பீக்கர். தரைக்குக் கம்பளம், சுவருக்குத் தடித்த திரை. நடுவில் ஒரு மைக்கை நிறுத்தி அளந்து லேப்டாப்பில் காட்டினார். கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. எதுவும் கூடவில்லை, குறையவில்லை, இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்றார். கண்ணுச்சாமி கேட்டுவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கிறது என்றார். மைக்குக்கு என்ன தெரியும், அவள் புருஷன் நான் என்றார்.

ஊசியை மாற்றினார்கள். ஆம்ப்ளிஃபயரை மாற்றினார்கள். கம்பளத்தைச் சுருட்டி மூலையில் சாத்தினார்கள், திரையைக் கழற்றினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் குரல் கொஞ்சம் மேலே வந்தது. ஒருமுறை மட்டும் விக்னேஷ்வரன், அண்ணாச்சி காதை ஒரு டாக்டரிடம் காட்டிவிடலாமே என்று சொல்லிப் பார்த்தார். இந்தக் காதை வைத்துத்தான் கம்பெனியே நடக்கிறது என்று பதில் வந்தது.

அது பொய்யும் இல்லை. அச்சங்குளத்தில் கம்பெனிக்குப் பின்னால் ஒரு பொட்டல். புதுச் சரக்கு எது வந்தாலும் அங்கே சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். கண்ணுச்சாமி பக்கத்திலேயே நிற்பார். வெடித்த வெடியின் சத்தத்தை வைத்தே மருந்து கூடியிருக்கிறதா, காகிதச் சுற்று தளர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். மற்றவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். அவர் வைத்ததில்லை. பஞ்சு வைத்தால் சத்தத்தின் ஓரம் தெரியாது என்பார். வாலிப வயசிலிருந்து அப்படித்தான் நின்றார்.

போன மாதம் ஒருவழியாகத் திருப்தியானது. அதைத்தான் திதியன்று எல்லோருக்கும் போட்டுக்காட்ட உட்கார்த்தியிருந்தார்.

"எங்கக்கா உசுரோட இருக்கையில ஒரு ரேடியோப் பெட்டி வாங்கித் தரல. இப்பக் கோயிலு கெட்டி வச்சிருக்கீக மச்சான்" என்றாள் பத்திரகாளி.

கண்ணுச்சாமி சிரித்துக்கொண்டே ஊசியை இறக்கினார்.

பாட்டு எழும்பியதும் பத்திரகாளி முந்தானையைக் காதில் வைத்து அழுத்தினாள். பாண்டிமீனா பல்லைக் கடித்தாள். கண்ணுச்சாமி கண்ணை மூடியிருந்ததால் எதையும் பார்க்கவில்லை. முடிந்ததும் கண்ணைத் திறந்து, எப்படி என்று மகளைக் கேட்டார்.

"தகரத்த ஆணி வச்சுக் கீறுற மாதிரி இருக்குப்பா" என்றாள். "இது அம்மா கொரலே இல்ல."

அவர் முகம் கறுத்துவிட்டது. விக்னேஷ்வரன் பக்கம் திரும்பி, நீங்க சொல்லுங்க தம்பி என்றார். தப்பு தன் மேலும் உண்டு, கேட்டதையெல்லாம் செய்துகொடுத்திருக்கக் கூடாது என்றார் விக்னேஷ்வரன். பழையபடி வைத்துக் காட்டுகிறேன், அவர்கள் கேட்கட்டும் என்றார்.

கம்பளத்தை விரித்தார். பாண்டிமீனா நாற்காலி மேல் ஏறித் திரைகளை மாட்டினாள். முதல் ஊசி அலமாரியில் இருந்தது. அதைப் பொருத்தி, எடையைச் சரிபார்த்து, பழைய ஆம்ப்ளிஃபயருக்கு ஒயரை மாற்றினார் விக்னேஷ்வரன். கண்ணுச்சாமி தடுக்கவில்லை. தோற்றுப்போவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

பாட்டு மறுபடி தொடங்கியது. அவருக்கு அதே கம்பளி. அதற்கு அடியில் யாரோ ஒரு பெண். ஆனால் பத்திரகாளி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் உதடுகள் பின்பாட்டின் வரிகளுக்கு அசைந்தன. பாண்டிமீனா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை கண்ணுச்சாமி கண்ணை மூடவில்லை. பாட்டு போகிற போக்கை அந்த இரண்டு முகங்களிலும்தான் பார்த்தார்.

"என்னத்தா கேக்குது?" என்றார் பாட்டு முடிந்ததும். சத்தமாகத்தான் கேட்டார். எப்போதும் அப்படித்தான் பேசுவார்.

"ஒவ்வொரு அடிக்கு முன்னயும் அம்மா லேசா மூச்ச இழுக்குறாகப்பா. அடுப்படியில பாடுறப்பவும் அப்படித்தான் இழுப்பாக."

"எந்த அடுப்படியில?"

"நம்ம வீட்லதான்."

"அவ பாடுனதே கெடையாதே."

பாண்டிமீனா சித்தியைப் பார்த்தாள். பத்திரகாளி வேறு பக்கம் பார்த்தாள்.

"பாடிக்கிட்டேதான்பா இருப்பாக. உளுந்து பொடைக்கையில, துணி மடிக்கையில. நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டு அங்கனதான் இருப்பீக."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? 'ஒங்கப்பாவுக்கு எம் பாட்டுப் பிடிக்கல போலத்தா, ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்க மாட்டேங்காக'ன்னு சொல்லுவாக. அதனாலயே மெதுவாப் பாடுவாக. போகப்போக ரொம்ப மெதுவா."

கண்ணுச்சாமிக்கு அந்த உதடுகள் தெரிந்தன. சுளகும் கையுமாக உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருப்பாள். தன்னைத்தான் முணுமுணுத்து வைகிறாள் என்று நினைத்திருக்கிறார். "என்ன மொணங்குற, வாயத் தொறந்து சொல்லு" என்று எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறார். உடனே உதடு நின்றுவிடும். சுளகுச் சத்தம் மட்டும் இருக்கும். அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்கும்.

விக்னேஷ்வரன் காரில் ஏதோ எடுக்க வேண்டும் என்று முனகிவிட்டு வெளியே போனார். திறந்த கதவு வழியாக ரோட்டு லாரிகளின் இரைச்சல் உள்ளே வந்தது.

"ஏலே, நமக்குத் தெரியாமப் போச்சே" என்று பொதுவாக யாரிடமோ சொல்வது போலச் சொன்னார் கண்ணுச்சாமி. பாண்டிமீனா அவர் கையைப் பிடிக்க வந்தாள். அவர் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்து விலக்கினார்.

பத்திரகாளி மூக்கைச் சிந்திவிட்டு, பஸ் போனால் போகிறது, அக்காளை இன்னொரு தடவை போடச் சொல்லு என்றாள். பாண்டிமீனா அப்பாவைப் பார்த்தாள். போடட்டும் என்று தலையசைத்தார். ஊசியைத் தூக்கி ஓரத்தில் வைப்பது எப்படி என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தார். விரலை உதறக் கூடாது, ஊசி தானாக இறங்க வேண்டும், அம்புட்டுத்தான். அவள் செய்து பார்த்தாள். சரியாக வந்தது.

அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"நீங்களும் இருங்கப்பா."

"நீங்க கேளுங்க. நான் இருந்து என்ன செய்ய?" என்றார். "உள்பக்கம் பூட்டுத்தா. பூட்டுனாத்தான் கதவு ரப்பர் அமுங்கும், லாரிச் சத்தம் வராது. இல்லாட்டி அம்மா மூச்சு விடுறது கேக்காது."

வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. வாசலில் நின்று கதவைத் தன் கையாலேயே இழுத்துச் சாத்தினார். கைப்பிடி மேலே திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். சற்று நேரம் அது அசையவில்லை. பிறகு, உள்ளேயிருந்து பாண்டிமீனா திருப்ப, கைப்பிடி மேலே ஏறிப் பூட்டிக்கொண்டது.