மீன் சட்டிக்கு எந்த ஒயின்

ஜெயபால் வர இருபது நிமிடம் இருக்கும்போதுதான் ஹரிஷங்கர் ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

வைஷ்ணவி பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தாள். தலைநகரின் மெஹ்ரோலி பகுதியில் இருந்த அந்த ஜப்பானிய உணவகத்தில் எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று முடிவு செய்வது அவள் வேலை. ஹரிஷங்கர் முதலாளி, கரோல் பாக்கிலேயே பிறந்து வளர்ந்தவர். ஜெயபால் ஐந்து ஓட்டல்களுக்கு மெனு முடிவு செய்பவர். இன்றைய மதியச் சாப்பாடு அவருக்குப் பிடித்துவிட்டால், இந்தக் குளிர்காலம் முழுக்க அங்கெல்லாம் இவர்களுடைய 'நாபே'தான். மேசை நடுவே அடுப்பில் மண்சட்டி கொதிக்கும். மீன், இறால், காளானை அவரவரே அதில் வேகவைத்து, எலுமிச்சை பிழிந்த சோயா சாற்றில் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

"சார், இது மீனோட சேராது. வாயில இரும்பு நக்கின மாதிரி இருக்கும். நான் ரீஸ்லிங் குளிர வெச்சிருக்கேன்."

"அரே, வெள்ளை ஒயின்ல என்ன கெத்து இருக்கு? இது நாப்பது பெட்டி குடோன்ல கிடக்கு. இன்னிக்கு நீ ஊத்தினா போதும். பேசாதே."

ஊற்றினாள். ஜெயபால் இறாலை மென்று, ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது. தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார்.

"இந்த ஒயின் யாரோட செலக்‌ஷன்?"

ஹரிஷங்கர் சட்டியையே பார்த்தார். "வைஷ்ணவிதான் சார். ஒயினெல்லாம் அவ பொறுப்பு."

வைஷ்ணவி பாட்டிலைக் கீழே வைத்தாள். பதினொரு நாள் இதே சாற்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயினாகச் சுவைத்துத் துப்பியிருக்கிறாள். தலையாட்டிவிட்டால் வேலை தங்கும். ஆனால் ஊரெல்லாம் இந்தச் சிவப்பு அவள் பெயரில் போகும்.

"இல்ல சார்," என்றாள். "நான் எடுத்தது வேற."

ஹரிஷங்கரின் கரண்டி தட்டில் விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்க்காமல் போய் ரீஸ்லிங்கைக் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்து, புதுக் கிளாஸில் ஊற்றினாள்.

ஜெயபால் இன்னொரு இறாலைச் சாற்றில் தொட்டுத் தின்றார், குடித்தார். மறுபடி ஒரு துண்டு மீன், மறுபடி ஒரு வாய். சட்டி மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

"திங்கட்கிழமை முழு ஒயின் லிஸ்ட் குடும்மா," என்றார் கடைசியில். "நீயே எழுதிக் குடு."

அவர் கார் கிளம்பியதும் ஹரிஷங்கர் திரும்பினார். "என் டேபிள்ல, என் கெஸ்ட் முன்னாடி என்னைப் பொய்யனாக்கிட்டே."

"என் பேரைச் சொன்னீங்க சார். அதான்."

அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "அப்போ அந்த நாப்பது பெட்டி?"

"சுட்ட ஆட்டுக்கறியோட குடுக்கலாம் சார். அதுக்கு நல்லா நிக்கும்."

"லிஸ்ட்ல அதையும் எழுது," என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போனார்.